பிள்ளைகளோடு மலோயா கேட்கப் போகிறீர்களா? ரீயூனியன் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தத் தீவில் வளரும் பிள்ளைக்கு மேளச் சத்தம் புதிது இல்லை. சென்-ஆந்த்ரே பக்கத்துக் கோவில் திருவிழாக்களில் மேளத்தை நெருப்பில் காட்டிச் சூடேற்றி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி சூடேற்றுவதை அப்பாவின் தோளில் உட்கார்ந்தபடியே பார்த்திருக்கும். ஆனால் இந்தத் தீவின் தாளப் பாட்டான மலோயாவை வாசித்துப் பாடி ஆடும் கூட்டத்துக்கு, அதாவது கபாருக்குக் கூட்டிப்போகலாமா என்றால் மட்டும் நம் வீடுகளில் ஒரு தயக்கம். ராத்திரி நேரம், கூட்டம், ரம், காதைப் பிளக்கும் ஸ்பீக்கர். தயக்கம் நியாயமானதுதான். என் கணக்கு இது: ஒரு சின்னப் பிள்ளையால் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் இசையோடு ஒட்டியிருக்க முடியும். அந்த ஒரு மணி நேரத்தை எங்கே, எப்போது வைக்கிறோம் என்பதுதான் முக்கியமான வேலை. மற்றதெல்லாம் பை கட்டுகிற சமாசாரம்.

முதலில், எந்த விழா?

மலோயாவை அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க, மலகாசி (மடகாஸ்கர்) மக்கள் கரும்புத் தோட்டங்களில் உருவாக்கினார்கள். பின்னால் வந்த நம்மவர்களும் அதில் கலந்தார்கள். 1981 வரை அரசாங்கத்தின் முகச்சுளிப்புக்கு ஆளாகியிருந்த இசை, 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிவிட்டது. இன்று அதைக் கேட்கப் பல இடங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு எல்லாமே ஒன்றாகாது.

சின்னக் கபார்தான் முதல் தேர்வு. ஏதாவது ஒரு சங்கம் ஞாயிற்றுக்கிழமை மதியம் கடற்கரையிலோ ஒரு வீட்டு முற்றத்திலோ நடத்தும். மேடை இருக்காது, இருந்தாலும் முழங்கால் உயரத்துக்கு மேல் இருக்காது. வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள், சுற்றி நின்று பாடுவார்கள். அவர்கள் பிள்ளைகளும் அங்கேயே மண்ணில் விளையாடிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கர் இல்லாத கபார் கிடைத்தால் விடாதீர்கள். விளம்பரம் பெரும்பாலும் முகநூலிலும், கடைக் கதவில் ஒட்டிய தாளிலும்தான் இருக்கும்.

அடுத்தது டிசம்பர் 20, ஃபெத் காஃப். 1848-இல் அதே நாளில் பிரெஞ்சுக் குடியரசின் ஆணையர் சார்தா கரிகா அடிமை ஒழிப்பை அறிவித்தார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள். அன்று தீவு முழுக்க விடுமுறை, ஊர் ஊராகக் கபார், ஊர்வலம், விடிய விடியப் பாட்டு. காலையிலும் மதியத்திலும் நடக்கும் பட்டறைகள், ஊர்வலங்களுக்குப் பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம். இரவு ஒன்பது மணிக்கு மேல் அது பெரியவர்களின் விழா. பெரிய நகரத்தின் பிரதான மேடையை விட்டுவிட்டு உங்கள் கம்யூனிலேயே நடப்பதற்குப் போங்கள்.

சகிஃபோ வேறு வகை. 2004-இல் சென்-லேயில் ஆரம்பித்து, பிறகு சென்-பியேருக்கு இடம் மாறிய பெரிய இசை விழா, ஜூன் தொடக்கத்தில் நடக்கும். மலோயாவும் இருக்கும், உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்த மற்ற இசையும் இருக்கும். பல மேடைகள், ஆயிரக்கணக்கில் ஜனம். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை இரவுக் கச்சேரிக்குக் கூட்டிப்போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிசோஃபே என்ற பெயரில் மலோயா வைப்பது அங்கே வழக்கம். முந்தின நாள் சோற்றைச் சூடாக்கிச் சாப்பிடும் காலை உணவுக்கு இங்கே அதுதான் பெயர். குடும்பத்தோடு போக அதுவே தோதான நேரம். அந்த வருட நிகழ்ச்சி நிரலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நம் சொந்தச் சரக்கான பால் தமூலையும் இங்கே சொல்லவேண்டும். தோட்டக் கூலிகளாக வந்தவர்கள் கொண்டுவந்த கூத்து மரபு. பாரத, ராமாயணக் கதைகளைத் தமிழ்ப் பாட்டோடு ராத்திரி முழுக்க ஆடுவார்கள். வாத்தியார் கிரியோலில் கதையை விளக்குவார். இப்போது அபூர்வமாகத்தான் நடக்கிறது. நடந்தால் பிள்ளைகளுக்குப் பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த ஒரு விழாவில் மட்டும் பாதியில் தூங்கிப்போவது குற்றமே இல்லை, தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கூத்துக் களரியில் அப்படித்தான் தூங்கியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சர்வீஸ் கபாரே என்பது விழா இல்லை. முன்னோர்களுக்கான வழிபாடு. அழைப்பு இருந்தால் மட்டும் போகவேண்டும். அங்கே ஆடு, கோழி பலியும் அருள் வருவதும் உண்டு. நம் கோவில்களில் இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளை பயப்படாமல் இருக்கலாம். ஆனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கைப்பேசியைப் பையிலேயே வையுங்கள்.

போவதற்கு ஒரு வாரம் முன்பு: காதுக்கும் கைக்கும் பழக்கம்

தெரியாத இசையைப் பிள்ளை ஐந்து நிமிடம் கேட்கும். தெரிந்த இசையென்றால் தானும் சேர்ந்து பாடும். அதனால் அந்த வாரம் காரில், சமையலறையில் மலோயா ஓடட்டும். சென்-பெனுவாவில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த பாடகர் கிரான்மூன் லேலேயிடமிருந்து தொடங்கலாம். அவருக்கு மலகாசி வேரும் தமிழ் வேரும் உண்டு. 2004-இல் காலமானார். அப்புறம் ஃபிர்மான் விரி, டான்யேல் வாரோ, கிறிஸ்தீன் சலெம். ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் எதிர்ப்பாட்டாக அதைத் திருப்பிச் சொல்லும் அமைப்பு என்பதால், பொருள் புரியாமலேயே பிள்ளை எதிர்ப்பாட்டைப் பிடித்துக்கொள்ளும்.

தாளத்துக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. மலோயா மூன்று மூன்றாக நடக்கும் தாளம். "தகிட தகிட தகிட தகிட" என்று சொல்லிக்கொண்டே தொடையில் தட்டச் சொல்லுங்கள். முதல் 'த'வுக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தம். வாய்ப்பாடு வந்துவிட்டால் கபாரில் அந்தப் பிள்ளை தொலைந்துபோன முகத்தோடு நிற்காது.

கருவிகளை நேரில் பார்க்க, சலாசியில் எல்-பூரில் இந்தியப் பெருங்கடல் இசைக்கருவிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, சீனா என்று தீவுக்கு வந்த எல்லாருடைய கருவிகளும் ஒரே கூரையின் கீழ். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளையென்றால் காலை உணவைக் குறைத்துக் கொடுங்கள். அங்கே போகமுடியாவிட்டால் இந்த ஐந்தையும் படத்திலாவது காட்டுங்கள்: பீப்பாய் மாதிரியான உடம்பில் தோல் கட்டி, மேலே கால் விரித்து உட்கார்ந்து வாசிக்கும் ரூலேர், மூங்கிலைக் குச்சியால் அடிக்கும் பிகேர், தகரத்தில் அடிக்கும் சாத்தி, சுரைக்குடுக்கை கட்டிய வில்லான போப், அப்புறம் காயாம்ப்.

காயாம்ப்தான் பிள்ளைகளை இழுக்கும் கருவி. கரும்புப் பூவின் தண்டுகளை வரிசையாக மரச் சட்டத்தில் கோத்து, நடுவில் விதைகளை அடைத்துச் செய்த தட்டையான பெட்டி. இரண்டு கையாலும் தாம்பாளத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்து, இடமும் வலமும் சாய்க்கவேண்டும். விதைகள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடி விழும் 'ஷ்ஷக்' சத்தம்தான் தாளம். சும்மா குலுக்கினால் கலகலவென்று ஒரே இரைச்சல்தான் வரும். சாய்ப்பு முடியும் இடத்தில் மணிக்கட்டு ஒரு வெட்டு வெட்டவேண்டும்.

வீட்டில் ஒன்று செய்துவிடலாம். காலி செருப்புப் பெட்டியின் மூடியை எடுத்து, உள்ளே காகித ஸ்ட்ராக்களை நெருக்கமாக ஒட்டுங்கள். மேலே ஒரு பிடி பச்சைப்பயறு. அதே அளவு அட்டையால் மூடி, ஓரமெல்லாம் அகலமான டேப் சுற்றுங்கள். பயறு போதவில்லை என்றால் சத்தம் உலர்ந்து கேட்கும், அதிகமானால் ஓடாது. மூன்று வயதுக்குக் கீழ் தம்பி தங்கை இருந்தால் டேப்பை இரட்டையாகச் சுற்றுங்கள், பயறு மூக்குக்குள் போகிற சாமான். இதைக் கையோடு கபாருக்கு எடுத்துப்போனால் வாசிப்பவர்கள் சிரித்துக்கொண்டே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தாத்தா என் மகளின் செருப்புப்பெட்டியை வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, தன்னுடைய காயாம்பை அவள் மடியில் வைத்து, "தூஸ்மான், தி ஃபி, தூஸ்மான்" (மெதுவா, குட்டிப்பெண்ணே, மெதுவா) என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துக் காட்டினார்.

டிசம்பர் 20-க்குப் போவதென்றால் கதையையும் சொல்லவேண்டும். பிள்ளை கேட்கத்தான் போகிறது. "அம்மா, நாமளும் அடிமையா இருந்தோமா?" இதற்கு மழுப்பாத பதில் வேண்டும். அடிமைகளாக இருந்தவர்கள் பெரும்பாலும் வேறு. 1848-க்குப் பிறகு அவர்கள் தோட்டங்களை விட்டு விலகியபோது, அந்த இடத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ் பேசும் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். அதே லைன் வீடுகள், அதே கரும்பு, கிட்டத்தட்ட அதே அதட்டல். ஆறு வயதுக்கு இவ்வளவு போதும்.

காது: இதில் மட்டும் சலுகை கிடையாது

பெற்றோர் பலர் அசட்டையாக விடுவது இதைத்தான். பிரெஞ்சுச் சட்டப்படி, 2017 ஆணைக்குப் பிறகு, கச்சேரிகளில் பதினைந்து நிமிடச் சராசரி 102 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்றே நடத்தும் நிகழ்ச்சியில் வரம்பு 94. அதாவது பெரியவர்கள் கச்சேரி சட்டத்துக்கு உட்பட்டே நடந்தாலும் உங்கள் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது அதிகம். உலக சுகாதார நிறுவனம் ஹெட்போன் கேட்பதற்காகப் பிள்ளைகளுக்கு வகுத்த அளவு வாரத்துக்கு 75 டெசிபலில் நாற்பது மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அதே கணக்கில் 90 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான். நான் முதலில் சொன்ன ஒரு மணி நேரத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

செய்யவேண்டியது: பிள்ளைகளுக்கான காதுக் கவசம், ஹெட்போன் மாதிரி தலையில் மாட்டுவது, ஒரு நல்லதாக வாங்குங்கள். இருபது, இருபத்தைந்து டெசிபல் குறைக்கும். கைக்குழந்தைக்கு நெற்றிப் பட்டையோடு வருவதும் கிடைக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் காதில் திணிக்கும் நுரைச் செருகி வேண்டாம், சரியாகப் பொருந்தாது, வாயிலும் போட்டுக்கொள்ளும். கவசத்தை வீட்டிலேயே மாட்டிப் பழக்குங்கள், மிக்ஸி ஓடும்போது போட்டுக்கொள்ளட்டும். விழா இடத்தில் காதுச் செருகியை இலவசமாகத் தரவேண்டும் என்றும் அதே ஆணை சொல்கிறது. அதை நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள்.

நிற்கும் இடமும் முக்கியம். திறந்தவெளியில் ஸ்பீக்கரிலிருந்து இருக்கும் தூரத்தை இரட்டிப்பாக்கினால் கிட்டத்தட்ட 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கருக்கு நேரே நிற்காதீர்கள், ஒலிக் கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால், ஓரமாக, வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பாருங்கள். தோளில் தூக்கினால் பிள்ளையின் காது ஸ்பீக்கர் மட்டத்துக்கு வந்துவிடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

பை

டிசம்பரில் இங்கே கொளுத்தும் வெயில். தொப்பி, நீளக்கை மெல்லிய சட்டை, சன்கிரீம், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். ஜூனில் சென்-பியேர் கடற்கரையில் காற்று சும்மா விடாது. ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். மேட்டு ஊர்களில் இன்னும் குளிரும். தள்ளுவண்டி மணலிலும் புல்லிலும் மாட்டிக்கொள்ளும், கைக்குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் துணியே மேல். தரையில் விரிக்க ஒரு பாய். மாற்றுத்துணி ஒரு செட், ஈரத் துடைப்பான், காலி பிளாஸ்டிக் பை.

கொசு மருந்தை மறக்கவேண்டாம். 2005-06 சிக்குன்குன்யாவில் தீவு மக்களில் மூன்றில் ஒருவர் படுத்தார்கள். 2025-இலும் அது திரும்ப வந்து ஆட்டிப்படைத்தது. அந்தக் கொசு பகலில் கடிப்பது, மாலையில் இன்னும் மும்முரமாகக் கடிக்கும். பிள்ளையின் வயதுக்கு எந்த மருந்து பூசலாம் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். ஆரஞ்சு எச்சரிக்கை வந்துவிட்டால் பள்ளிக்கூடமே மூடிவிடுவார்கள், கபாரைப் பற்றிப் பேச்சே இல்லை. காலையில் வானிலை பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் சொல்லுங்கள், முந்தின நாளே ஆசை காட்டவேண்டாம்.

சாப்பாடு

கபாரில் பெரிய மார்மித்தில் விறகு அடுப்பில் காரி கொதிக்கும், வாசனையே இழுத்துப்போகும். சோறு, பருப்பு அல்லது பீன்ஸ், காரி, பக்கத்தில் ரூகாய் என்ற காரத் தொடுகறி. காரம் பெரும்பாலும் ரூகாயில்தான் இருக்கும், அதைத் தனியாக வைக்கச் சொன்னால் போதும். சைவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: பருப்பிலும் பீன்ஸிலும் புக்கானே, அதாவது புகையில் வாட்டிய பன்றி இறைச்சி போடும் பழக்கம் பலருக்கு உண்டு. "சான் புக்கானே?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கேரெம், அதாவது விரதம், இருக்கிறோம் என்றால் இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மாட்டிறைச்சி கலக்காத வீடு என்றாலும் புரிந்துகொள்வார்கள். போன்போன் பிமான் வடை மாதிரி இருப்பதால் பிள்ளை கையை நீட்டும். உள்ளே பச்சைமிளகாய் இருக்கிறது.

எதற்கும் வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள். வரிசையில் அரை மணி நேரம் நின்று வாங்கிய காரியைப் பிள்ளை தொடமாட்டேன் என்று சொல்லும் மாலைகளில் அந்த டப்பாதான் மானத்தைக் காப்பாற்றும்.

போகும் வழி

தீவு முழுக்க ஓடும் கார் ஜோன் பஸ்ஸில் போகலாம், ஆனால் மாலையில் சீக்கிரமே நின்றுவிடும். திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை முதலிலேயே பாருங்கள். காரில் போவதென்றால் பக்கத்து இடத்தை விட்டு, கிளம்பும் திசையில் முகம் வைத்துக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். தூங்கும் பிள்ளையைப் பத்து நிமிடம் தூக்கி நடப்பது, நெரிசலில் ஒரு மணி நேரம் அழவைப்பதைவிட நல்லது. மதியத் தூக்கம் முடிந்ததும் கிளம்புவதுபோல நேரத்தை வையுங்கள்.

அங்கே போன பிறகு

முதல் வேலை, கழிப்பறை எங்கே என்று பார்ப்பது. இரண்டாவது, தொலைந்தால் சந்திக்கும் இடம். மரமோ, கோவில் வாசலோ, எதுவானாலும் நகராத ஒன்றாக இருக்கவேண்டும். உங்கள் கைப்பேசி எண்ணைப் பிள்ளையின் கையில் பேனாவால் எழுதுங்கள். "ஜே பெர்து மாமான்" (அம்மாவைத் தொலைத்துவிட்டேன்) என்ற வாக்கியத்தைச் சொல்லிப் பழக்கி, பிள்ளையோடு நிற்கும் ஒரு அம்மாவிடமோ விழா உடுப்பு போட்ட ஊழியரிடமோ போய்ச் சொல்லச் சொல்லுங்கள். அவசரத்துக்கு மருத்துவ உதவி 15, தீயணைப்பு 18, எதிலும் 112.

சின்னக் கபாரில் மரியாதை விதிகள் எளிது. வந்ததும் போன்ழூர் சொல்லுங்கள், பிள்ளையையும் சொல்லவையுங்கள். கேட்காமல் ரூலேரில் உட்காரக்கூடாது, அது வாசிப்பவரின் இடம். பலர் கருவியைத் தாங்களே செய்தவர்கள். டான்யேல் வாரோவே அப்படித்தான், இன்னும் தன் கையால் கருவி செய்கிறார். பாட்டு முடிந்த இடைவெளியில் போய்க் கேட்டால் பெரும்பாலும் தொட்டுப் பார்க்கக் கொடுப்பார்கள். சின்னப் பிள்ளைகள் வட்டத்துக்குள் போய் ஆடினால் யாரும் விரட்டமாட்டார்கள். எதிரெதிராக, ஒருவரையொருவர் தொடாமல், காலைத் தரையோடு தேய்த்து ஆடுவதுதான் முறை. பெரியவர்கள் ஆடும்போது நடுவில் ஓடிப் பிடித்து விளையாடவிடாதீர்கள், அவ்வளவுதான்.

பிள்ளை ஆடவில்லை, மண்ணைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். காது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். "பாரு, பாரு, அங்க பாரு" என்று முகத்தைத் திருப்பி வீடியோ எடுப்பதுதான் கெடுக்கும். முடிந்தால் இரண்டு பெரியவர்களாகப் போங்கள். ஒருவர் பிள்ளையோடு வெளியே நடக்கும்போது மற்றவர் கேட்கலாம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

எப்போது கிளம்புவது

பிள்ளை அழுவதற்கு முன்பு. காதைப் பொத்துவது, காரணமில்லாமல் சண்டை பிடிப்பது, திடீரென்று மடியில் ஏறிச் சுருண்டுகொள்வது, இவை வந்தால் அழுகைக்கு இன்னும் இரண்டு பாட்டு நேரம்தான் இருக்கிறது. "இந்தப் பாட்டு முடிஞ்சதும் போறோம்" என்று சொல்லி, அந்தப் பாட்டு முடிந்ததும் எழுந்துவிடுங்கள். பெரிய பாடகர் இன்னும் மேடை ஏறவில்லை என்று நமக்குத்தான் வயிறு எரியும். ரம் பாட்டில்கள் சுற்ற ஆரம்பித்து, புகை வாடை மாறும் நேரமும் அதுதான், ஆக நஷ்டம் அதிகமில்லை. டிசம்பரில் ஏழு மணி நெருங்கும் வரை வெளிச்சம் இருக்கும். வெளிச்சத்தோடு வந்து வெளிச்சத்தோடு திரும்புவது மூன்று, நான்கு வயதுக்குச் சரியான அளவு.

மறுநாளும் அதன் பிறகும்

காதில் ஙொய் என்று கேட்கிறது என்றோ, கூப்பிட்டால் சரியாகக் கேட்கவில்லை என்றோ பிள்ளை சொன்னால், மறுநாளும் அது தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காய்ச்சலும் மூட்டு வலியும் சில நாள் கழித்து வந்தால் கொசுவை நினைத்துக்கொண்டு அதையும் காட்டுங்கள், ஆஸ்பிரின் கொடுக்கவேண்டாம்.

செருப்புப்பெட்டி காயாம்ப் உடைந்தும் பிள்ளை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால், உண்மையான ஒன்று வாங்கும் நேரம் வந்துவிட்டது. கடையில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று சாயம் பூசி விற்பது வேண்டாம், விதை குறைவாக இருக்கும். கபாரில் வாசிப்பவரிடமே கேளுங்கள், அவரோ அவருக்குத் தெரிந்தவரோ செய்து தருவார். பிள்ளை கைக்கு அகலம் குறைத்துச் செய்யச் சொல்லுங்கள். வகுப்பு வேண்டுமானால், குளிர்கால விடுமுறை முடிந்து ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது ஊர்ச் சங்கங்கள் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கும். நகரசபை அறிவிப்புப் பலகையை அந்த வாரம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலை வகுப்பாகக் கேளுங்கள். புதன் மதியம் சீக்கிரம் நிரம்பிவிடும்.